கம்பளம் கழுவும் தொழில்: முதலில் முற்றம், பிறகு இயந்திரம்

நிலத்தை விட்டு வந்த விவசாயிக்குப் புதிய தொழில் ஒன்றைத் தெரிவுசெய்வது இலகுவான காரியமல்ல. 1990களில் பூந்தோட்டம் முகாமில் வாழ்ந்தவர்களும், 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களும் இதை நன்கு அறிவார்கள். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் மூடப்பட்டது. பலர் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பினார்கள். காணி விடுபடாதவர்களும், காணி இருந்தும் உறுதி இல்லாதவர்களும், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுத் தங்கியவர்களும் வவுனியாவிலேயே வாழ்கின்றார்கள். இவர்களுடைய கைகளில் உழைப்பு இருக்கிறது. உழுவதற்கு வயல் இல்லை.

அண்மையில் இத்தகைய குடும்பங்களின் கூட்டமொன்றில் ஒரு தந்தை எழுந்து கேட்டார்: “பாதர், கார்ப்பெற் கழுவுற தொழில் நல்லது எண்டு சொல்லுகினம். வெளிநாட்டில மெசினாலதான் கழுவுகினமாம். லோன் எடுத்து ஒரு மெசின் வாங்கினால் பிழைச்சுப் போகலாமோ?”

அவருடைய கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. தொழில் கெட்டதல்ல, ஆனால் அவர் கேள்வியைக் கடைசியிலிருந்து தொடங்கிவிட்டார். விதைநெல் எது, தண்ணீர் எவ்வளவு என்று பாராமல் யாரும் முதலில் அறுவடை இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவதில்லை. கம்பளம் கழுவும் தொழிலுக்கும் அதே ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

வவுனியாவில் பெரும்பாலான வீடுகளில் சீமெந்துத் தரையும் பாயும்தான். பனையோலைப் பாயையும் பன்பாயையும் யாரும் கழுவக் கொடுப்பதில்லை. அப்படியானால் கம்பளம் எங்கே இருக்கிறது? பள்ளிவாசல்களில் தொழுகைக்கான விரிப்புகள் உண்டு. ஆலயங்களில் பீடத்தின் முன்னும் நடுப்பாதையிலும் விரிப்புகள் உண்டு. திருமண மண்டபங்கள், தங்குவிடுதிகள், வங்கிகள், அலுவலகங்கள், வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகள் ஆகியவற்றிலும் உண்டு.

ஒரு வாரம் துவிச்சக்கர வண்டியில் சென்று இவ்விடங்களில் விசாரியுங்கள். ஒரு கொப்பியில் நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை விரிப்புகள் உள்ளன, அவற்றின் நீள அகலம் என்ன, ஆண்டுக்கு எத்தனை தடவை கழுவுகிறார்கள், இப்போது யார் கழுவுகிறார்கள். “நல்லாய்ப் போகும்” என்று பிறர் சொல்வதை விட அந்தக் கொப்பி உங்களுக்கு அதிகம் சொல்லும்.

எண்ணிப் பார்த்தபின் பெரும்பாலும் ஓர் உண்மை தெரியவரும். கம்பளம் மட்டும் ஒரு குடும்பத்துக்கு மாதம் முழுவதும் வேலை தராது. ஆனால் அதே கைகளாலும் அதே கருவிகளாலும் மெத்தை, சோபா, வான் மற்றும் பஸ் இருக்கைகள், மேடைத் திரைச்சீலைகள் ஆகியவற்றையும் சுத்தம் செய்யலாம். ஏ-9 வீதியில் ஓடும் வாகனங்களின் இருக்கைகளே ஒரு தனிச் சந்தை. ஆகவே கம்பளத்துக்கு மட்டும் பயன்படும் விலையுயர்ந்த கருவியை முதலில் வாங்க வேண்டாம். பல வேலைகளுக்கு உதவும் கருவியை வாங்குங்கள்.

அழுக்கில் பெரும்பங்கு தூசியே

கம்பளத்தில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மணலும் தூசியும்தான். நடப்பவர்களின் காலோடு வரும் மணல் நூல்களின் அடியில் போய்ப் படிகிறது. மேலே மிதிக்கும்போது அந்த மணல் சிறு கத்திகள் போல நூலின் அடியை அறுக்கிறது. கம்பளம் பழுதாவதற்கு இதுவே முக்கிய காரணம்.

எனவே முதலாவது விதி: காய்ந்த தூசியை முழுவதும் எடுக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக்கூடாது. தூசியோடு நனைத்தால் அது சேறாகி அடிக்கு இறங்கிவிடும். பிறகு எந்த இயந்திரத்தாலும் அதை முழுமையாக எடுக்க இயலாது.

தூசியை எடுப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. விரிப்பைத் தலைகீழாகக் கம்பியிலோ உறுதியான மரச் சட்டத்திலோ போட்டு, பின்புறத்தில் தட்டையான பிரம்பினால் அடியுங்கள். பின்புறத்தில் அடித்தால் மணல் முன்புறமாக விழும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளையும் இளைப்பு நோய் உள்ளவர்களையும் தூரத்தில் வையுங்கள்.

இத்தொழிலின் வரலாறும் தூசியிலிருந்துதான் தொடங்கியது. அமெரிக்காவில் கிராண்ட் ரப்பிட்ஸ் என்ற நகரில் மெல்வில் பிஸல், அனா பிஸல் என்ற தம்பதியர் பீங்கான் கடை நடத்தினார்கள். பீங்கான் பெட்டிகளில் வந்த மரத்தூள் கடையின் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டது. அதை அகற்றுவதற்காகச் சக்கரமும் சுழலும் தூரிகையும் கொண்ட கைக்கருவியொன்றை மெல்வில் ஆக்கி 1876இல் உரிமம் பெற்றார். 1889இல் அவர் இறந்தபின் அனாவே தொழிலின் தலைமையை ஏற்று அதை வளர்த்தார். கணவரை இழந்து குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்கள் நிறைந்த வன்னியில் இது நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கிலாந்தில் ஹியூபேட் பூத் என்ற பொறியியலாளர் 1901இல் இயந்திரத் தூசுறிஞ்சியை உருவாக்கினார். குதிரைகள் இழுத்துச் செல்லும் அளவுக்கு அது பெரிது. வீதியில் அதை நிறுத்திவிட்டு நீண்ட குழாய்களை யன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய்க் கம்பளங்களைச் சுத்தம் செய்தார்கள். தொடக்கத்தில் வீட்டுக்காரர்கள் அந்த இயந்திரத்தை வாங்கவில்லை. சுத்தம் செய்யும் சேவைக்கே காசு கொடுத்தார்கள். உங்களிடமும் அவர்கள் கேட்கப்போவது சுத்தமான விரிப்பைத்தான். அதை எந்த இயந்திரத்தால் கழுவினீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

விரிப்பு எந்த இனம்?

உளுந்துக்கும் நெல்லுக்கும் ஒரே பசளை போடுவதில்லை. விரிப்பும் அப்படியே. கையில் எடுத்தவுடன் அது எந்த நூலால் ஆனது என்று அறிய வேண்டும். இதற்கு இரண்டு எளிய பரிசோதனைகள் உண்டு.

முதலாவது தீப் பரிசோதனை. உரிமையாளரின் சம்மதத்துடன் ஓரத்திலிருந்து இரண்டொரு நூலை மட்டும் எடுத்து, விரிப்புக்குத் தூரத்தில், குறட்டினால் பிடித்துக் கொளுத்துங்கள். மயிர் கருகும் மணம் வந்து சாம்பல் பொடியானால் அது கம்பளி. கடதாசி எரியும் மணம் வந்தால் பருத்தி, சணல் அல்லது தும்பு. உருகி உருண்டையாகத் திரண்டால் அது நைலோன் போன்ற செயற்கை நூல்.

இரண்டாவது தண்ணீர்ப் பரிசோதனை. செயற்கை நூல் என்று தெரிந்தால் அதைச் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் நன்கு நனைத்து அமிழ்த்துங்கள். திரும்பவும் மேலே வந்து மிதந்தால் அது பொலிபுரொப்பிலீன். அமிழ்ந்தால் நைலோன் அல்லது பொலியெஸ்ரர்.

கம்பளிக்குக் குளிர்ந்த அல்லது இளஞ்சூட்டு நீரும் மென்மையான திரவச் சவர்க்காரமும் போதும். சலவைச் சோடா கம்பளியைப் பழுதாக்கும். வெண்மையாக்கும் குளோரின் திரவம் கம்பளி நூலைக் கரைத்தே விடும். பருத்தி விரிப்பும் ஜமுக்காளமும் சலவையைத் தாங்கும். ஆனால் சுருங்கக்கூடும், சாயம் போகக்கூடும். செயற்கை நூல் உறுதியானது. ஆனால் சூட்டுக்கு ஆகாது. சணலும் தும்பும் அதிகம் நனைந்தால் மண்ணிறக் கறை கக்கும்.

கடைசியாகச் சொன்னதை நான் அனுபவத்தில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் திருவிழாவுக்காக ஆலய விரிப்பொன்றை இளைஞருடன் சேர்ந்து கழுவினேன். அதன் அடிப்புறம் சணல் என்பதை நான் கவனிக்கவில்லை. சலவைச் சோடா கரைத்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, சுருட்டியபடி ஓர் இரவு வைத்துவிட்டோம். விடிந்து விரித்தபோது சிவப்பு விரிப்பின் மேல் தேநீர் ஊற்றியது போல மண்ணிறத் திட்டுகள். அது ஆலயத்தின் விரிப்பானதால் திட்டோடு விட்டார்கள். வாடிக்கையாளரின் விரிப்பானால் நட்டஈடு கொடுத்திருக்க வேண்டும்.

எந்த விரிப்பானாலும் சாயப் பரிசோதனை செய்யாமல் நனைக்கவேண்டாம். வெள்ளைத் துணியொன்றை நீங்கள் பாவிக்கப்போகும் சவர்க்கார நீரில் நனைத்து, விரிப்பின் மறைவான மூலையில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த விரிப்பை முழுவதும் நனைக்காதீர்கள்.

முறைகள் நான்கு

முதலாவது உலர்முறை. அடித்தல், தூரிகை போடுதல், தூசுறிஞ்சியால் இழுத்தல் ஆகியன இதில் அடங்கும். சாயம் போகும் விரிப்புக்கும், சணல் விரிப்புக்கும், மாரிகாலத்துக்கும் இது ஏற்றது.

இரண்டாவது நுரைமுறை. சவர்க்காரத்தை அடித்து நுரையாக்கி, நுரையை மட்டும் தூரிகையால் தேய்த்து, ஈரத் துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுத்தல். சோபாவுக்கும் வாகன இருக்கைக்கும் ஏற்றது. நுரை முழுவதும் அகற்றப்படாவிட்டால் அந்தப் பிசுபிசுப்பில் முன்னரை விட விரைவாகத் தூசி ஒட்டும்.

மூன்றாவது தெளித்து உறிஞ்சும் முறை. இயந்திரமொன்று சவர்க்கார நீரை நூலுக்குள் தெளித்து உடனேயே உறிஞ்சி எடுக்கும். தரையோடு ஒட்டப்பட்ட, கழற்ற முடியாத கம்பளங்களுக்கு இதுவே சிறந்தது. வங்கி, விடுதி போன்ற இடங்களில் இது தேவைப்படும்.

நான்காவது முற்றத்தில் விரித்து முழுமையாகக் கழுவும் முறை. கழற்றிச் சுருட்டக்கூடிய விரிப்புகளுக்கு, சாயமும் நூலும் இடம்கொடுத்தால், இதைவிடச் சுத்தமான முறை இல்லை. கம்பளத்துக்குப் பெயர்போன ஈரானில், தெஹ்ரானுக்கு அண்மையில் உள்ள ரேய் என்ற இடத்தில் செஷ்மே அலி என்னும் நீரூற்று உண்டு. மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கம்பளங்களைக் கழுவிப் பாறைகளின் மேல் விரித்து உலர்த்தினார்கள். ஓடும் தண்ணீர், சரிவான பாறை, வெயில் ஆகிய மூன்றைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள்.

வவுனியாவில் பள்ளிவாசல், ஆலயம், வீடு ஆகியவற்றிலுள்ள விரிப்புகளில் பல கழற்றக்கூடியவை. உங்கள் கொப்பியிலும் அவ்வாறே தெரிந்தால், நீங்கள் தொடங்க வேண்டியது நான்காவது முறையிலிருந்தே. இதற்கு வேண்டிய முதல் முதலீடு நல்ல முற்றம்.

எங்கள் தண்ணீர்

வவுனியாவில் பல கிணறுகளின் தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. இத்தண்ணீரில் சாதாரண சவர்க்காரம் நுரைக்காமல் தயிர் போலத் திரியும். அந்தத் திரிவு கம்பளத்தில் தங்கினால் நூல் விறைத்து மங்கிப்போகும்.

ஒரே அளவான இரண்டு போத்தல்களில், ஒன்றில் மழைநீரும் மற்றதில் உங்கள் கிணற்று நீரும் அரைவாசிக்கு எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். கிணற்று நீரில் நுரை குறைந்து திரிவு மிதந்தால் அது வன்தண்ணீர். அப்படியாயின் கட்டிச் சவர்க்காரத்தைத் தவிர்த்து, கம்பளிக்கு ஏற்றதென்று குறிப்பிடப்பட்ட திரவத்தைப் பாவியுங்கள். கூரை மழைநீரைத் தாங்கியில் சேகரித்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி நீருக்கு அரைக் கோப்பை வினாகிரி சேர்த்துக் கடைசியில் அலசினால் சவர்க்காரத்தின் மிச்சம் நீங்கும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: வெண்மையாக்கும் குளோரின் திரவத்தையும் வினாகிரியையும் ஒருபோதும் கலக்கவேண்டாம். அமோனியா உள்ள திரவங்களோடும் அதைச் சேர்க்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நச்சுவாயு கிளம்பும்.

வன்தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரங்களுக்குள்ளும் இதே வெள்ளைப் படிவு ஏறும். தெளிக்கும் நுண்துளைகள் அடைபடும், சூடாக்கி பழுதாகும். விற்பனைத் தாளில் இந்த விடயம் இருப்பதில்லை. எனவே இயந்திரம் வாங்கும் காலம் வந்தாலும், தண்ணீரைத் தானே சூடாக்கும் வகையை விட, குளிர்நீரில் இயங்கும் எளிய வகையே எங்களுக்கு ஏற்றது.

முற்றமும் வெயிலும் காற்றும்

12 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட சீமெந்துத் தளம் ஒன்று அமையுங்கள். 9 அடிக்கு 12 அடி விரிப்பை அதில் தாராளமாக விரிக்கலாம். நீளப்பக்கமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 4 அங்குலச் சரிவு கொடுங்கள். மேற்பரப்பு அழுத்தமாக, ஆனால் வழுக்காமல் இருக்கட்டும்.

அழுக்குநீர் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, கல்லும் மணலும் நிரப்பிய ஊறுகுழி வெட்டுங்கள். மென்மையான சவர்க்கார நீர் என்றால் பக்கத்தில் வாழை வைக்கலாம். குளோரின் கலந்த நீரைப் பயிருக்கு விடவேண்டாம். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் எந்தக் கழிவுநீரையும் விடவே வேண்டாம். கீழே வயல் செய்பவர் உங்களைப் போன்ற விவசாயிதான்.

கழுவிய விரிப்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவதே உண்மையில் கடினமான வேலை. காய்ந்திருக்கும்போது இருவர் தூக்கிய விரிப்பு நனைந்தபின் நால்வருக்கும் பாரமாகும். றப்பர் அலகு பொருத்திய தடியினால், நூல் சாய்ந்திருக்கும் திசையில், சரிவை நோக்கி மீண்டும் மீண்டும் இழுங்கள். பிறகு உறுதியான சட்டத்தில் காற்றுப் படும்படி போடுங்கள். ஒரு நாளுக்குள், அதாவது 24 மணி நேரத்துக்குள் காய வேண்டும். தாமதித்தால் பூஞ்சணம் பிடித்து நாறும். சாயம் வெளிறாதிருக்கப் பின்புறத்தை வெயிலுக்குக் காட்டுங்கள்.

இங்கே நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்றும் வெயிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகம் செய்ய இயலாத கைகள் சும்மா இருக்கும் காலமும் அதுவே. ஆனால் கிணறும் அப்போதுதான் வற்றும். ஆகவே கடைசி அலசல் நீரைப் பிடித்துவைத்து, அடுத்த விரிப்பின் முதல் நனைப்புக்குப் பாவியுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பெரிய விரிப்புகளை ஏற்க வேண்டாம். நத்தாருக்குச் சுத்தம் செய்ய விரும்பும் ஆலயங்களிடம் செப்டெம்பரிலேயே பேசுங்கள். நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்தள்ளி வரும். 2030 அளவில் அது மாரிகாலத்துக்குள் வந்துவிடும். எனவே பள்ளிவாசல் நிர்வாகத்தினரோடு ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே திகதி பேசுங்கள்.

எந்தக் கருவி, எந்த ஒழுங்கில்?

முதற்படி கைக்கருவிகள். பிரம்பு, மென்மையான தூரிகை, சற்று வன்மையான தூரிகை, றப்பர் அலகுத் தடி, வாளிகள், குழாய், மரச் சட்டம், தறப்பாள், இறப்பர்க் கையுறை. இவற்றோடு முற்றமும் இருந்தால் தொழில் தொடங்கலாம்.

இரண்டாம்படி, ஈரத்தையும் தூசியையும் உறிஞ்சும் இருவகைத் தூசுறிஞ்சி. 20 முதல் 30 லீற்றர் வரை கொள்ளும் தொட்டி உள்ளது போதும். இதுவே முதலாவது வாங்கவேண்டிய மின்கருவி. விரிப்பின் தூசி, கழுவியபின் தங்கும் நீர், மெத்தை, சோபா, வாகன இருக்கை என எல்லாவற்றுக்கும் உதவும். வீட்டுத் தூசுறிஞ்சியால் ஈரத்தை உறிஞ்சினால் மோட்டார் எரியும், மின்தாக்கமும் ஏற்படலாம்.

மூன்றாம்படி, சுழலும் தூரிகை இயந்திரம். மாதந்தோறும் வேலை பெருகி, கைகள் போதாமல் வந்தபின்னரே வாங்குங்கள். கம்பளத்துக்கான மென்மையான தூரிகை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம்படி, தெளித்து உறிஞ்சும் இயந்திரம். விடுதியோ அலுவலகமோ தொடர்ந்து வேலை தருவதாக உறுதியளித்தால் மட்டும் இதைப் பற்றிச் சிந்தியுங்கள்.

உயரழுத்த நீர்ப்பாய்ச்சி பலருக்குக் கவர்ச்சியானது. வாகனம் கழுவ நல்லது. ஆனால் கிட்டப் பிடித்தால் கம்பளத்தின் நூலைப் பிடுங்கும். அடியில் ஒட்டிய பசையையும் கழற்றும்.

எந்த இயந்திரத்தையும் வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உதிரிப்பாகம் வவுனியாவில் கிடைக்குமா? திருத்துபவர் யார்? என் கண்முன் நனைந்த விரிப்பொன்றில் இயக்கிக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் வீடு திரும்புங்கள்.

மின்சாரத்தில் கவனம்

எங்கள் மின்னோட்டம் 230 வோல்ற். 13 அம்பியர் செருகியில் ஏறத்தாழ 3,000 வாற்றுக்கு மேல் இழுக்கக்கூடாது. மெல்லிய நீட்டிப்புக் கம்பி சூடாகி உருகும். ரிப் சுவிச்சு இல்லாத இணைப்பில் ஈர வேலை செய்யவே வேண்டாம். கம்பியின் இணைப்புகள் ஈரத் தரையில் கிடக்கக்கூடாது. வெறுங்காலுடன் இயந்திரத்தைத் தொடவேண்டாம்.

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். முழுவதும் இயந்திரத்தை நம்பிய தொழில்கள் அந்நாட்களில் முடங்கின. கையாலும் செய்யத் தெரிந்தவர் அரைவாசி வேலையையாவது கொண்டுபோகலாம்.

கணக்குப் பார்ப்போம்

இயந்திரம் ஒன்றின் விலை 180,000 ரூபா என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அது 3 ஆண்டுகள் உழைத்தால், 36 மாதங்களுக்கு மாதம் 5,000 ரூபா தேய்மானம். மாதம் 50 விரிப்பு கழுவினால் ஒவ்வொன்றின் மேலும் 100 ரூபா ஏறும். மாதம் 10 விரிப்பு மட்டும் வந்தால் ஒவ்வொன்றின் மேலும் 500 ரூபா ஏறும். இயந்திரம் அதேதான், வேலை குறைந்தால் அது உங்களையே தின்னும்.

1,400 வாற்றுத் தூசுறிஞ்சி 3 மணி நேரம் ஓடினால் 4.2 அலகு மின்சாரம். இதோடு சவர்க்காரம், தண்ணீர் இறைக்கும் செலவு, ஓட்டோ அல்லது லான்ட்மாஸ்டர் கூலி ஆகியவற்றைச் சேருங்கள். உங்கள் சொந்தக் கைக்கூலியையும், மனைவி பிள்ளைகளின் உழைப்பையும் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, இலாபம் என்று எண்ணுவது உண்மையில் கூலியே. பழுதானால் நட்டஈடு கொடுப்பதற்காக ஒவ்வொரு வேலையிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சதுர அடிக்கு என்ன விலை என்று தீர்மானியுங்கள். 9 அடிக்கு 12 அடி விரிப்பு 108 சதுர அடி.

விரிப்பைப் பெறும்போதே கிழிசல், கறை, சாயம் மங்கிய இடம் ஆகியவற்றைத் துண்டில் எழுதி உரிமையாளரிடம் ஒப்பம் வாங்குங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். வியாபாரப் பெயரைப் பதிவதுபற்றிப் பிரதேச செயலகத்திலும், கழிவுநீர் ஒழுங்குகள்பற்றி உள்ளூராட்சிச் சபையிலும் தொடங்குமுன் விசாரியுங்கள்.

கடனைப் பற்றி

வன்னியில் நுண்கடன் எத்தனை குடும்பங்களை நெருக்கியது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாரத் தவணைக்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குள் நின்ற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. மீண்டும் ஒரு தள்ளுபடி வரும் என்று நம்பி யாரும் கடன் எடுக்கக்கூடாது.

வாரந்தோறும் தவணை கேட்கும் கடன், மாரியில் மூன்று மாதம் வருமானம் குறையும் தொழிலுக்குப் பொருந்தாது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து கைக்கருவிகளோடும் ஒரு முற்றத்தோடும் தொடங்குங்கள். முதல் ஆண்டின் வருமானத்தில் ஒரு பங்கைச் சேமித்துத் தூசுறிஞ்சியை வாங்குங்கள். அந்தக் கருவி கொண்டுவரும் பணத்தில் அடுத்ததை வாங்குங்கள். அபிவிருத்திப் பணியாளர்களாகிய நாங்களும் முன்னர் ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் கொடுத்துவிட்டு, யாருக்குத் தைப்பது என்று யோசிக்காமல் விட்டதுண்டு. பின்னர் அவை சாக்கால் மூடிக் கிடந்தன. அந்தப் பிழை திரும்பவும் வேண்டாம்.

இன்னொரு விடயம்

கூட்டம் முடிந்தபின் ஒருவர் தனியாக வந்து சொன்னார்: “பாதர், நாங்கள் கமம் செய்த ஆக்கள். ஊராற்ற கால் பட்டதைக் கழுவுறது எங்கட தொழிலோ?”

இந்தக் கேள்வியைப் பலர் மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்வதில்லை. எனவே வெளிப்படையாகப் பேசுவோம். துணியின் இனத்தை அறிவது, உவர்மண்ணால் அழுக்கெடுப்பது, ஆவியில் வைத்து வெளுப்பது ஆகிய அறிவுகளை எங்கள் ஊர்களில் தலைமுறையாகக் காத்தவர்கள் சலவைத் தொழிலாளர். மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவக்கும், வெயிலில் போட்டால் மங்கிப்போகும் என்பதை எந்தப் புத்தகமும் படியாமல் அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு நாம் மரியாதை கொடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து அதே வேலை இயந்திரத்தோடு வந்தால் மட்டும் அதைத் தொழில் என்கிறோம்.

உங்கள் ஊரில் அத்தகைய அனுபவசாலி ஒருவர் இருந்தால் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியாளாக அல்ல, பங்காளியாக. சம பங்கு கொடுங்கள், சமமான ஆசனமும் கொடுங்கள். விலையுயர்ந்த இயந்திரத்தை விட அவருடைய கையும் கண்ணும் உங்கள் தொழிலைக் காப்பாற்றும்.

கேள்வி கேட்ட தந்தையிடம் நான் கடைசியில் சொன்னது இதுதான்: “ஐயா, லோன் கடதாசியில ஒப்பம் வைக்க முதல் ஒரு கொப்பி வாங்குங்கோ. ஒரு கிழமை சுத்தித் திரிஞ்சு கார்ப்பெற்றுகளை எண்ணிக்கொண்டு வாங்கோ. பிறகு இருந்து கதைப்பம்.”

அவர் கொப்பியோடு திரும்பி வந்தார். அதில் 43 விரிப்புகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் 31 கழற்றக்கூடியவை. இயந்திரத்தைப் பற்றி அவர் அன்று கேட்கவில்லை. “பாதர், தளம் போட எத்தனை பை சீமெந்து தேவைப்படும்?” என்றே கேட்டார்.